நாடுகடத்தல் அச்சமும் குடியேறியோர் மனநலமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டபோது, "தாங்கள் குற்றவியல் பயிற்றுவித்தவர், சுவையான வழக்கு ஒன்றைச் சொன்னால் அவையோர் உறங்க மாட்டார்கள்" என்று அன்போடு எச்சரித்தார். அவர் விரும்பியவாறு கொலை வழக்கு எதையும் நான் கொண்டு வரவில்லை. குற்றம் நிகழாத இல்லங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குற்றவியல் என்பது குற்றம் செய்தவனை ஆராயும் கல்வி மட்டும் அன்று. தண்டனையை ஆராயும் கல்வியும் ஆகும். யாருக்குத் தண்டனை, எதற்காக, எவ்வளவு, அது யார் யாரைச் சென்று தாக்குகிறது என்பன அக்கல்வியின் உயிர்நாடியான வினாக்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறி வாழும் இலட்சக்கணக்கான குடும்பங்கள், எந்த நீதிமன்றமும் விதிக்காத தண்டனை ஒன்றை நாள்தோறும் நுகர்ந்து வருகின்றன. நாடுகடத்தப்படுவோமோ என்னும் அச்சமே அத்தண்டனை.

கடல் கடந்த நாட்டின் துன்பத்தை இங்கே பேசுவானேன் என்று கேட்கலாம். இவ்வவையில் அமர்ந்திருப்போரில் மகனையோ மகளையோ அந்நாட்டுக்கு அனுப்பியிருப்போர் பலர். சென்ற ஆண்டு நம் உறுப்பினர் ஒருவரின் துணைவியார் என்னிடம் ஒரு செய்தி சொன்னார்கள். அவர்களுடைய மகன் அங்கே வேலை இழந்தான். எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை இழந்தால், 2017ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள விதியின்படி, கூடுமானால் 60 நாட்கள் அவகாசம் உண்டு. அதற்குள் வேறு வேலை தேட வேண்டும். அல்லது வேறு வகை விசாவுக்கு மாற வேண்டும். இரண்டும் இயலாவிடின் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அவனுக்கு ஐம்பத்து நான்காம் நாள் வேலை கிடைத்தது. அதன் பின்னரே தாயிடம் உண்மையைச் சொன்னான். "அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் என்னோடு சிரித்துத்தானே பேசினான்? அந்தச் சிரிப்பை நான் எப்படி நம்பினேன்?" என்று அவ்வம்மையார் கேட்டார்கள். அக்கேள்விக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இவ்வுரை அதற்கு நான் தேடிய விடை என்று கொள்ளுங்கள்.

குற்றவியலார் குடியேறியோரைப் பற்றி முதன்முதல் கேட்ட கேள்வி வேறு. "வந்தேறிகளால் குற்றம் பெருகுகிறதா?" என்பதே அது. 1931ஆம் ஆண்டு, விக்கர்ஷாம் குழு எனப் பெயர் பெற்ற அமெரிக்க அரசின் ஆய்வுக் குழு இக்கேள்வியை ஆராய்ந்தது. எடித் அப்பாட் என்னும் அம்மையார் புள்ளிவிவரங்களைத் தொகுத்து நோக்கி, அயல்நாட்டில் பிறந்தோர் தம் எண்ணிக்கை அளவுக்கேனும் குற்றம் புரியவில்லை, அதனினும் குறைவாகவே புரிகின்றனர் என்று காட்டினார். முக்கால் நூற்றாண்டு கழித்து, 2005ஆம் ஆண்டில், இராபர்ட் சாம்ப்சன் என்னும் குற்றவியல் அறிஞரும் அவருடைய தோழர்களும் சிகாகோ நகரின் 180 பகுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 3,000 இளையோரை ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். மூன்றாம் தலைமுறை அமெரிக்கரை நோக்க, புதிதாகக் குடியேறிய முதல் தலைமுறையினர் வன்செயலில் ஈடுபடும் வாய்ப்பு 45 விழுக்காடு குறைவு என்று அவர்கள் கண்டனர். முதற் கேள்விக்கு இருமுறையும் கிடைத்த விடை ஒன்றே. ஆதலின், அறிஞர் சிலர் கேள்வியையே திருப்பிக் கேட்கத் தலைப்பட்டனர்: "இவர்கள் சட்டத்துக்கு என்ன தீங்கு செய்கிறார்கள் என்று பார்த்தோம்; சட்டம் இவர்களுக்கு என்ன செய்கிறது?"

இங்கே சட்டத்தின் நுட்பம் ஒன்றை விளக்க வேண்டும். 1893ஆம் ஆண்டில் சீனத் தொழிலாளர் சிலரைப் பற்றிய வழக்கில், நாடுகடத்தல் குற்றத்துக்குரிய தண்டனை ஆகாது, அஃது ஓர் ஆட்சி நடவடிக்கையே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொல்லளவில் சிறிய வேறுபாடுதான், விளைவு பெரிது. பணப்பை திருடியவனுக்குக்கூட, அவன் ஏழையாயின், சிறைக்கு அனுப்பும் முன் அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. இருபது ஆண்டு வாழ்ந்த வீட்டையும் பெற்ற பிள்ளைகளையும் விட்டு வெளியேற்றப்படுபவனோ, தன் கைப்பொருளைக் கொண்டே வழக்கறிஞரைத் தேடிக்கொள்ள வேண்டும். 1931ஆம் ஆண்டிலேயே அதே விக்கர்ஷாம் குழுவுக்கு அறிக்கை எழுதிய ரூபன் ஆப்பன்ஹைமர், துப்புத் துலக்குவோரும் வழக்குத் தொடுப்போரும் தீர்ப்புச் சொல்வோரும் ஒரே துறையினராய் இருக்கும் முறையைக் கண்டித்தார். 1996ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடுகடத்தற்குரிய குற்றங்களின் பட்டியலை மேலும் நீட்டின. முறையான குடியுரிமம் பெற்றோரும், முன்பு என்றோ தண்டனை முடித்துத் திருந்தி வாழ்வோரும் அப்பட்டியலில் அகப்பட்டனர். இரக்கம் காட்ட நடுவருக்கு இருந்த உரிமையும் சுருங்கியது.

தண்டனை அன்று என்று சட்டம் கூறும் ஒன்று உடலிலும் உள்ளத்திலும் தண்டனையாகவே இறங்குமாயின், அதை எவ்வாறு அளப்பது? குற்றவியலில் இதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. கிரஷாம் சைக்ஸ் என்னும் அறிஞர் நியூஜெர்சி மாநிலச் சிறைச்சாலை ஒன்றை ஆராய்ந்து 1958ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். பூட்டிய கதவு மட்டும் சிறையின் துன்பம் அன்று என்றும், உரிமையிழப்பு, பொருளும் பணியும் இழத்தல், துணையைப் பிரிதல், தன் செயலைத் தானே முடிவு செய்யும் ஆற்றலை இழத்தல், பாதுகாப்பின்மை என ஐவகைத் துன்பம் சிறையுள் உண்டு என்றும் அவர் வகுத்தார். அவர் எழுதியது சிறைக்குள் இருப்பவனைப் பற்றி. அவ்வளவுகோலைச் சிறைக்கு வெளியே, உரிய தாள் இல்லாது வாழும் ஒரு குடும்பத்தின்மேல் வைத்துப் பாருங்கள்.

அக்குடும்பத் தலைவன் வண்டி ஓட்ட அஞ்சுகிறான்; விளக்கு எரியாத ஒரு சிறு குறைக்காகக் காவலர் நிறுத்தினாலும் அதுவே ஊரை விட்டுப் போகும் வழியாகலாம். இஃது உரிமையிழப்பு. மனைவி மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறாள். பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம் ஆகியவற்றில் குடியேற்ற அதிகாரிகள் நுழைவதைத் தடுத்து 2011ஆம் ஆண்டில் வகுத்த நெறியும் 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது. இது பொருளும் பணியும் இழத்தல். கணவன் ஒரு நாட்டிலும் மனைவி மறு நாட்டிலுமாகப் பிரிக்கப்பட்ட இல்லங்கள் எத்தனையோ. அடுத்த ஆண்டு மகளை எப்பள்ளியில் சேர்ப்பது, வீட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா என்பனவற்றை அவர்கள் முடிவு செய்வதில்லை. அஞ்சலில் வரும் ஓர் அரசு உறை முடிவு செய்கிறது. கதவு தட்டும் ஓசை கேட்டால் பேச்சு நின்று விடுகிறது. ஐவகைத் துன்பமும் அவ்வீட்டில் உள்ளன. சிறையின் சுவர் ஒன்றுதான் இல்லை. சிறையாளிக்கோ விடுதலை நாள் என ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

இவை வெறும் கற்பனைச் சொற்கள் என்று யாரும் எண்ணுதல் வேண்டா. 2008ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்னும் சிற்றூரில், இறைச்சித் தொழிற்சாலை ஒன்றை அதிகாரிகள் சூழ்ந்தனர். மேலே ஹெலிகாப்டர் வட்டமிட்டது. 389 பேர் பிடிபட்டனர்; பெரும்பாலோர் குவாதமாலா நாட்டினர். கால்நடைக் கண்காட்சி நடக்கும் திடலில் அவர்களைக் கொண்டுபோய் அடைத்து, அங்கேயே வழக்கும் நடத்தினர். சில ஆண்டுகள் கழித்து நிக்கோல் நோவாக் என்னும் ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் அயோவா மாநிலம் முழுவதற்குமான பிறப்புப் பதிவேடுகளை எடுத்து நோக்கினர். சோதனைக்குப் பிந்திய 37 வாரங்களில் இலத்தீன் அமெரிக்க மரபினரான தாய்மார்க்குப் பிறந்த குழந்தைகள் எடை குறைந்து பிறக்கும் இடர், முந்திய ஆண்டின் அதே வாரங்களை நோக்க, 24 விழுக்காடு மிகுந்திருந்தது. வெள்ளையர் தாய்மாரிடம் அம்மாற்றம் இல்லை. 2017ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அத்தாய்மாருள் அமெரிக்க மண்ணிலேயே பிறந்து முழுக் குடியுரிமை உடையவர்களும் இருந்தனர். அவர்கள் குழந்தைகளும் எடை குறைந்தே பிறந்தன. சட்டம் குறிவைத்தது ஒருவரை. அச்சம் தாக்கியது அவரை ஒத்த முகமுடைய அனைவரையும். கருவில் இருந்த குழந்தையையும் அது விடவில்லை.

அச்சம் நீங்கினால் என்ன ஆகும்? அதற்கும் விடை உண்டு. சிறு வயதிலேயே பெற்றோரோடு வந்து வளர்ந்தவர்களை, இரண்டிரண்டு ஆண்டுகளாக, நாடுகடத்தாமல் விட்டு வைக்கும் திட்டம் ஒன்றை 2012 ஜூன் 15ஆம் நாள் அமெரிக்க அரசு அறிவித்தது. அந்நாளில் 31 வயது நிரம்பாதவரே அதற்கு உரியவர். சில நாள் முன்னே பிறந்த ஒருத்திக்கு அது கிட்டவில்லை; சில நாள் பின்னே பிறந்தவளுக்குக் கிட்டியது. மற்ற வகைகளில் இருவரும் ஒத்தவர்களே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள் ஆரிகன் மாநிலத்தில் இவ்விரு வகைத் தாய்மார்களின் பிள்ளைகளை ஒப்பிட்டனர். திட்டத்துக்கு உரியவர் ஆகாத தாய்மாரின் பிள்ளைகளிடையே மனப்பதற்றம் முதலிய நோய்கள் 7.8 விழுக்காட்டினரிடம் காணப்பட்டன; உரியவரான தாய்மாரின் பிள்ளைகளிடம் அதில் பாதிக்கும் குறைவாகவே இருந்தன. அப்பிள்ளைகளோ அமெரிக்கக் குடிமக்கள். அவர்களை யாரும் எங்கும் அனுப்ப முடியாது. எனினும் தாயின் நெஞ்சு படபடத்தால் சேயின் உறக்கம் கெடுகிறது. மருந்து ஏதும் கொடாமல், ஒரு தாளைக் கொடுத்த அளவில் குழந்தையின் நோய் தணிந்தது. நோயின் வேர் எங்கே இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

"சட்டத்துக்குப் புறம்பாகச் சென்றவர்க்குரிய துன்பம் இது, முறைப்படி விசா பெற்றுச் சென்ற நம் பிள்ளைகளுக்கு என்ன?" என்று ஐயுறுவோர் இருக்கலாம். 2025 பிப்ரவரி 5ஆம் நாள் அமெரிக்கப் படை விமானம் ஒன்று 104 இந்தியரை ஏற்றி வந்து அமிர்தசரஸில் இறக்கிய காட்சியைக் கண்டு, "அவர்கள் வேறு, நாம் வேறு" என்று ஆறுதல் அடைந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு வைஷ்ணோ தாஸ் பாகாய் என்பாரின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெஷாவரில் செல்வக் குடியில் பிறந்தவர். 1915ஆம் ஆண்டில் மனைவி கலா அம்மையாரோடும் மூன்று புதல்வரோடும் சான் பிரான்சிஸ்கோ சென்றார். கடை வைத்தார், 1921ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். 1923ஆம் ஆண்டில் பகத் சிங் திண்ட் என்பாரின் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' என்னும் சொல்லில் அடங்கார், ஆதலின் குடியுரிமைக்கு உரியவர் ஆகார் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாகாயின் குடியுரிமை பறிக்கப்பட்டது. அதனோடு சொத்துரிமையும் போயிற்று. தாய்நாட்டைக் கண்டுவரக் கடவுச்சீட்டுக் கேட்டார். அமெரிக்க அரசு மறுத்தது. ஆங்கிலேயரின் பிரஜையாகச் சென்று வரலாம் என்றனர். அவ்வாட்சியை வெறுத்தே கடல் கடந்தவர் அதற்கு உடன்படவில்லை. 1928ஆம் ஆண்டில் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். விட்டுச் சென்ற மடல் செய்தித்தாளில் வெளிவந்தது. அவரை யாரும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. இருந்த இடத்திலேயே நாடற்றவர் ஆக்கினர். அவர் கள்ளத்தனமாகச் சென்றவரும் அல்லர். எல்லாத் தாளும் உடையவர்.

இன்று அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகளின் நிலை அத்துணைக் கொடியது அன்று. ஆயினும், வேலை வழியே வரும் நிலையான குடியுரிமத்தில் எந்த ஒரு நாட்டினருக்கும் ஆண்டுதோறும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்னும் வரம்பினால், இந்தியர் பல்லாண்டுகள் வரிசையில் காத்திருக்கின்றனர். கைக்குழந்தையாய்ச் சென்ற பிள்ளை, வரிசை நகரும் முன்னரே 21 வயது எய்தினால், பெற்றோரின் விசாவைச் சார்ந்திருந்த அதன் உரிமை அற்றுப் போகிறது. தான் வளர்ந்த ஒரே ஊரில் அது வேற்றாளாகி நிற்கிறது. அறுபது நாளை எண்ணிக் கழித்த அந்த இளைஞன் தாயிடம் ஏன் சிரித்தான் என்பது இப்போது விளங்கும். அச்சத்தை ஒளிப்பது அச்சத்தில் வாழ்வோர் முதலில் கற்கும் பாடம்.

அந்த ஒளிப்பு வீட்டோடு நிற்பதில்லை. 2012ஆம் ஆண்டின் இறுதியில் நான்கு பெரிய மாவட்டங்களில் இலத்தீன் அமெரிக்க மரபினர் 2,004 பேரிடம் நிக் தியோடர் என்னும் அறிஞர் கருத்துக் கேட்டார். தாங்களே ஒரு குற்றத்துக்கு இரையானாலும், குடியேற்ற நிலையைப் பற்றிக் கேட்பார்களோ என்று அஞ்சிப் போலீசிடம் போகத் தயங்குவோம் என்றவர் 44 விழுக்காடு; உரிய தாள் இல்லாதவருள் 70 விழுக்காடு. திருடனுக்கு இதனினும் நற்செய்தி உண்டோ? கூலியை ஏமாற்றும் முதலாளிக்கும், மனைவியை அடிக்கும் கணவனுக்கும் இந்த மௌனமே காவல். காவல் நிலையத்தில் பிடிபட்டோரின் கைரேகையைக் குடியேற்றத் துறைக்கு அனுப்பும் திட்டம் 2008இல் தொடங்கியது. அதனால் குற்றம் குறைந்ததா என்று ஆராய்ந்த ஆடம் காக்ஸ், தாமஸ் மைல்ஸ் என்னும் சட்ட அறிஞர் இருவர், காணத்தக்க குறைவு எதுவும் இல்லை என்று 2014ஆம் ஆண்டில் எழுதினர்.

ஒரு நாட்டுக்கு எல்லையும் சட்டமும் வேண்டும். யார் வரலாம், யார் தங்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அரசுக்கு உண்டு. இதனை நான் மறுப்பவன் அல்லன். ஆனால் அரசு தண்டிக்கும் முறையைப் பற்றி வள்ளுவர் பெருமான் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். கொடுங்கோன்மைக்கு அடுத்து அவர் வைத்தது வெருவந்த செய்யாமை; குடிகள் நடுங்கும் செயலைச் செய்யாதிருத்தல் என்பது அதன் பொருள். தகுந்த முறையில் ஆராய்ந்து, குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுப்பதே அரசு என்று அவ்வதிகாரத்தைத் தொடங்குகிறார். நாடுகடத்தல் அச்சத்தை இவ்விரு உரைகல்லிலும் தேய்த்துப் பாருங்கள். அதில் ஆராய்தல் இல்லை. குற்றமற்ற குழந்தையையும் அது சேர்ந்தே வருத்துகிறது. அளவும் இல்லை, முடியும் நாள் குறிக்கப்படவில்லை. அடுத்த அதிகாரமாகக் கண்ணோட்டத்தை வைத்தது வள்ளுவரின் பேரருள்.

அன்பர்களே! இவ்வச்சத்தின் நிழலை நம்முள் மூத்தோர் சிலர் இந்த மும்பை நகரிலேயே கண்டிருக்கிறோம். 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது நான் சிறுவன். மின்சார இரயிலில் உரக்கத் தமிழ் பேசாதே என்று தந்தையார் எச்சரித்தது நினைவில் இருக்கிறது. மாலையில் அவர் வீடு திரும்பும் வரை அன்னையார் மாட்டுங்கா வீட்டின் சன்னலை விட்டு அகலார். ஆயினும் எங்களுக்கு ஓர் அரண் இருந்தது. இந்தியாவின் எப்பகுதியிலும் சென்று வாழலாம் என்று அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு எங்களுக்கு உரிமை தந்திருந்தது. நாங்கள் கும்பலுக்கு அஞ்சினோம், சட்டத்துக்கு அஞ்சவில்லை. சட்டத்தையே அஞ்ச நேர்ந்தவன் யாரிடம் ஓடுவான்?

அவன் அண்டை வீட்டாரிடம் ஓடலாம் என்பதற்கு ஒரு சான்று கூறி முடிக்கிறேன். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயீலா என்னும் சிற்றூர் இருக்கிறது. இலங்கையிலிருந்து புகலிடம் தேடிச் சென்ற தமிழ்க் குடும்பம் ஒன்று அங்கே வாழ்ந்தது. 2018 மார்ச் மாதம் ஒருநாள் விடியற்காலையில் அதிகாரிகள் வந்து பெற்றோரையும் அந்நாட்டிலேயே பிறந்த இரு பெண் குழந்தைகளையும் கொண்டு சென்றனர். கிறிஸ்துமஸ் தீவிலும் நெடுங்காலம் வைத்திருந்தனர். தமிழ் ஒரு சொல்லும் அறியாத அவ்வூர் மக்கள் அவர்களை மறக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேலாக மனு எழுதினர், நீதிமன்றம் சென்றனர், அரசை விடாமல் கேட்டனர். 2022 ஜூன் மாதம் அக்குடும்பம் ஊர் திரும்பியது. அவ்வாண்டு ஆகஸ்டில் நிலையான வாழ்வுரிமையும் பெற்றது.

நம் சங்கம் சட்டம் இயற்றும் மன்றம் அன்று. ஆனால் மூன்று செயல்கள் நம்மால் இயலும். முதலாவது, அயலகத்தில் இருக்கும் பிள்ளையிடம் சம்பளத்தையும் வீட்டையும் பற்றி மட்டும் கேளாமல், "உறங்குகிறாயா?" என்று கேட்பது. அவன் உண்மை சொன்னால் அறிவுரை கூறாமல் கேட்டுக்கொண்டிருப்பது. இரண்டாவது, திரும்பி வந்தவரைத் தோற்று வந்தவராகக் கருதாமல் வரவேற்பது. வெட்கத்துக்கு அஞ்சியே பலர் துன்பத்தை மறைக்கின்றனர். மூன்றாவது, பிழைப்புத் தேடி இந்நகருக்கு இன்று வந்து இறங்கும் எளியவனை, அவன் எம்மொழி பேசினும், சந்தேகக் கண்ணால் நோக்காதிருப்பது. மாட்டுங்கா வீட்டின் சன்னலில் நின்ற என் அன்னையாருக்கு நான் செலுத்தும் கடன் அது.

அந்த அம்மையார் இன்று இவ்வவையில் இருக்கிறார்கள். அம்மா, தங்கள் மகன் தங்களை ஏமாற்றவில்லை. தங்கள் உறக்கத்தைக் காக்கத் தன் உறக்கத்தைக் கொடுத்தான். இனி அவன் தனியே அதைச் சுமக்க வேண்டா என்று இன்றிரவே அவனுக்குச் சொல்லுங்கள்.